கிண்ணம் இருந்த இடம்

எங்கள் தெருவில் வீடுகள் பதினேழு. பலகைகள் ஆறோ ஏழோ இருக்கும். வீடுகளை விடப் பலகைகள் நல்ல நிலையில் இருக்கின்றன. இரும்புக் கால், நீலப் பெயிண்ட், மழை பெய்தாலும் அழியாத எழுத்து. ஒவ்வொரு பலகையும் எங்களை ஒரு தடவை முன்னேற்றிவிட்டுப் போனவர்களின் ஞாபகம். காளான் வளர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள், காளான் முளைக்கவில்லை. மெழுகுவத்தி செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள், யாரும் வாங்கவில்லை. கரண்ட் போன நாட்களில் நாங்களே கொளுத்தித் தீர்த்தோம். ஆடு வளர்ப்புப் பலகை ஆடிக் காற்றில் சாய்ந்தபோது மதினி அதை இழுத்துக்கொண்டு போய்த் தன் ஆட்டுக் கொட்டிலுக்குக் கூரையாகப் போட்டுவிட்டார். அந்தத் திட்டத்தால் ஆட்டுக்குக் கிடைத்த நன்மை அது ஒன்றுதான்.

மதினி என்று நான் சொல்வது அடுத்த வீட்டுக்காரரை. தெருவில் பதினாறாவது வீடு அவருடையது. பதினேழாவது, கடைசி வீடு எங்களுடையது. இரண்டுக்கும் நடுவில் ஊரணிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் ஓடுகிறது. ஓடுகிறது என்பது பேச்சுக்குத்தான், நல்ல மழை பெய்தால் பத்து நாள் ஓடும். திருப்பத்தூரிலிருந்து கண்டரமாணிக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, உள்ளே நடந்தால் எங்கள் ஊர் வரும். விடிகிற நேரத்தில் நான் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருப்பேன். ஹோட்டலாகிவிட்ட ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டில் எனக்கு வேலை. பெருக்குவேன், துடைப்பேன், வாசலில் கோலம் போடுவேன். வெளிநாட்டு விருந்தாளிகள் காபிக் கோப்பையோடு வந்து நின்று கோலத்தைப் போட்டோ எடுப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த படிப்பு தராத மரியாதையை எனக்கு அந்தக் கோலம் தந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

வீட்டில் நானும் என் மாமியாரும்தான். கணவர் கோயம்புத்தூர் பக்கம் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறார். பொங்கலுக்கும் சாமி கும்பிடுக்கும் வருவார். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன், வாய்க்குள் அது அயித்த ஆகிவிடும். அத்தைக்கு இந்த உலகத்தில் பிடித்தது குளியல். ஒரு நாளைக்கு இரண்டு தடவை தலை முதல் கால் வரை குளித்துப் பழகிய உடம்பு. அந்த உடம்பு ஒரு நாள் ஊரணிப் படியில் குடத்தோடு வழுக்கி விழுந்தது. இடுப்பெலும்பு உடைந்தது. பெரியாஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பினார்கள். அதிலிருந்து நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார், அவ்வளவுதான். குடம் தூக்க முடியாது.

தெருமுனைத் தொட்டியில் தண்ணீர் வருகிற நாளில் நான் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு அண்டாவும் இரண்டு குடமும் நிரப்பி வைப்பேன். வராத நாளில் ஊரணிக்குப் போவேன். நடுவில் தண்ணீர் தீர்ந்துபோனால் அத்தை மதினியைக் கூப்பிட வேண்டும். அத்தை கூப்பிட மாட்டார். மதினி ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை, ஆனாலும் கூப்பிட மாட்டார்.

“அவ நல்லவதான்த்தா. நல்லவகிட்ட கேக்கத்தான் கூச்சமா இருக்கு,” என்பார்.

அவருடைய ஆசையெல்லாம் இதுதான்: யாரையும் கேட்காமல், நினைத்த நேரத்தில், தன் கையால் குழாயைத் திருகி ஒரு வாளித் தண்ணீர் பிடித்துக் குளிக்க வேண்டும். இந்த ஆசைக்குத் திட்டக்காரர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இதைக் குழாய் என்போம்.

இப்படி இருக்கும்போதுதான் அவர்கள் வந்தார்கள். காரைக்குடியில் அலுவலகம் வைத்திருக்கிற ஒரு தொண்டு நிறுவனம். பெயர் வேண்டாம், பெயரைத்தான் பலகையில் போட்டிருக்கிறார்களே. நடத்தி வைக்க ஒரு மேடம். கைத்தறிச் சேலை, துணிப்பை, வாய் நிறைய அக்கா. முப்பது வயதுகூட இருக்காது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு மனசாறியிருக்கலாம்.

முதல் கூட்டத்தில் மேடம் சொன்னார்: “உங்க தேவை என்னன்னு நீங்கதான் சொல்லணும் அக்கா. நாங்க சொல்லக் கூடாது.”

“தண்ணி,” என்றார் மதினி.

கூட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதோடு டீயைக் குடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். மேடம் சிரித்தார். “அப்படி உடனே சொல்லக் கூடாது. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. நீங்க எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிக்கணும்.” தொண்டை காய்ந்தவள் தனக்குத் தாகம் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

அந்த முறையில் முதலில் கை கழுவும் பயிற்சி வந்தது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று வரிசையாகச் செய்ய வேண்டும். எங்களை வட்டமாக நிறுத்தி, அவர்கள் கொண்டுவந்த தண்ணீர்க் கேனிலிருந்து ஒவ்வொருத்தர் கையிலும் ஊற்றினார்கள். பிறந்ததிலிருந்து கை கழுவுகிறவர்கள் நாங்கள். கழுவாமல் விட்ட நாள் ஏதாவது இருந்தால் அது கழுவத் தெரியாமல் விட்ட நாள் அல்ல. பயிற்சி முடிந்து கைதட்டிவிட்டு, கேனில் மிச்சமிருந்ததை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தனை பேர் கண்ணும் அந்தக் கேனின் பின்னாலேயே போனது.

அடுத்த வாரம் ஊர்ப்படம். தெருமுனைப் பிள்ளையார் கோயில் பொட்டலைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கச் சொன்னார்கள். தெளித்தது என் வீட்டுக் குடத்துத் தண்ணீர். “பேப்பர் வேணாம் அக்கா, உங்களுக்குப் பழக்கமானதுல போடுங்க, கோலப்பொடியில போடுங்க,” என்றார் மேடம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். வீட்டுக்கு ஓடிப் போய் என் பித்தளைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கோலம் போடுகிறவர்களுக்கு இது தெரியும். எங்கே உட்காருகிறோமோ அங்கிருந்துதான் கை ஓடும். ஊரைப் போடு என்றால் நான் ஊரை எங்கிருந்து பார்ப்பேன்? என் வீட்டு வாசலிலிருந்துதான். பொட்டலின் ஓரத்தில் ஒரு இடத்தை என் வீடு என்று மனசில் வைத்துக்கொண்டு அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் வாய்க்கால், அதைத் தாண்டி மதினி வீடு, அப்புறம் வேம்பு, அப்புறம் தெரு வளைகிற இடம். கை தன்பாட்டுக்குப் போனது. பதினாறு வீட்டையும் புள்ளி பிசகாமல் போட்டேன், ஊரணிக்கு நாலு பக்கமும் படி வைத்தேன், பிள்ளையாருக்குக் காதுகூட வைத்தேன். போட்டதை மிதிக்காமல் பின்னாலேயே நகர்ந்து வந்து மறுபடி என் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அழகாக இருந்தது. டீ வந்துவிட்டது என்றார்கள். கிண்ணத்தை நான் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

பிறகு ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்று அந்தந்த வீட்டின் மேல் புளியங்கொட்டை வைக்கச் சொன்னார்கள். பெண்கள் வைத்துக்கொண்டே வந்தார்கள். என் வீடு எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நான் உட்கார்ந்திருந்த இடம் என் வீடு. கிண்ணம் இருக்கிற இடம் என் வீடு. தெருவுக்கே தெரியும். மதினி இரண்டு கொட்டையை எடுத்து, “இது ஒனக்கு, இது ஒங்க அயித்தைக்கு,” என்று சொல்லிக் கிண்ணத்துக்குள் போட்டார்.

மேடம் கோயில் மேடையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுத்தார். கூட வந்த இன்னொரு பெண் படத்தை அப்படியே ஒரு சார்ட்டில் பார்த்து வரைந்தாள். அதன் கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன், சுழி கொம்பு எல்லாம் வைத்து நிறுத்தி நிதானமாக. கடைசியில் மேடம் சார்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த ஊரின் முதல் தேவை தண்ணீர் என்று நாங்கள் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். மதினி என் இடுப்பில் இடித்தார்.

வீட்டுக்கு வந்து கிண்ணத்தை அலமாரியில் வைக்கும்போது பொடிக்குள் இரண்டு புளியங்கொட்டையும் கிடந்தன. அத்தையிடம் காட்டி விஷயத்தைச் சொன்னேன். “எல்லாரையும் ஊருல விட்டுட்டு நம்ம ரெண்டு பேரையும் கிண்ணத்துல தூக்கிட்டு வந்துட்டியாக்கும்,” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

சில மாதத்தில் போர் போட்டார்கள். கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி தூணில் ஏறியது. வீட்டுக்கு வீடு குழாய் என்றார்கள். வாயைக் கிழித்துக்கொண்டு இத்தனை எழுதுகிற நான் அன்றைக்கு அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன், அதையும் மறைக்க விரும்பவில்லை. அத்தை கொல்லையில் குழாய் எங்கே வர வேண்டும் என்று இடம் பார்த்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வைத்தார். உட்கார்ந்து குளிக்க வசதியாக மதினி வீட்டிலிருந்து ஒரு பழைய மரமுக்காலியும் வந்தது. அத்தை கேட்டு வாங்கவில்லை. மதினியாகக் கொடுத்தார்.

பள்ளம் தோண்டிக்கொண்டு வந்தவர்கள் மதினி வீட்டு வாசலில் நின்றார்கள். குழாயின் வாயில் ஒரு மூடியைச் செருகிப் பசை தடவி அடைத்தார்கள்.

“அண்ணே, இன்னும் ஒரு வீடு இருக்கு. வாய்க்காலுக்கு அங்குட்டு,” என்றேன்.

மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்தார். என் கோலம். அதே வேம்பு, அதே வளைவு, காதோடு பிள்ளையார். “பதினாறு வீடுதானத்தா இருக்கு. அங்குட்டு ஒண்ணும் இல்லையே,” என்றார்.

“படத்தப் பாக்காதீக. நிமிந்து பாருங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஓட்டு வீடு நிற்கிறது. கொடியில் சேலை காய்கிறது. வாசலில் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அத்தை நிற்கிறார். அத்தையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி அத்தையைப் பார்த்தார். “வீடு இருக்குத்தா. படத்துலதான் இல்ல,” என்றார், ரொம்ப வருத்தமாக. பாவம், அவர் கூலிக்கு வந்தவர். காகிதத்தை என்னிடம் கொடுத்தார். என் வீடு இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தது. சார்ட்டில் பார்த்து வரைந்த பெண் கிண்ணத்தையும் விடாமல் வரைந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தாள். கிணறு.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காரைக்குடிக்குப் போனேன். கிண்ணத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு கொட்டையையும் எடுத்துக்கொண்டேன். அலுவலகம் குளுகுளுவென்று இருந்தது. மூலையில் தண்ணீர் மெஷின், பட்டனை அழுத்தினால் சூடாகவும் வரும், சில்லென்றும் வரும். மேடம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், உட்கார வைத்தார், டீ சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பார்த்தார்.

“உங்க பக்கம் ஒரு கிணறு இருக்கே அக்கா. ஏற்கெனவே நீராதாரம் இருக்கிற இடம்னு போட்டிருக்கோம்.”

நான் பையைத் திறந்து கிண்ணத்தை அவர் மேசைமேல் வைத்தேன். “இதுதான் மேடம் அந்தக் கிணறு,” என்றேன். கொட்டை இரண்டையும் எடுத்து உள்ளே போட்டேன். “இது நானு. இது எங்க அயித்த.”

மேடம் முதலில் விழித்தார். அப்புறம் புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களும் சிரித்தார்கள். ஒருவர் கிண்ணத்தைப் போட்டோ எடுத்தார். எல்லாரும் சிரித்து முடிக்கிற வரைக்கும் நான் காத்திருந்தேன். முடித்தபிறகு மேடத்தின் குரல் மெத்தென்று ஆகிவிட்டது.

“நாங்க போட்ட படமா இருந்தா நாங்க திருத்தலாம் அக்கா. இது மக்கள் போட்ட படம். நீங்களே போட்டது, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதை நாங்க மாத்தினா உங்க பங்கேற்பை மதிக்கலைன்னு ஆயிடும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டைத் தொலைத்தது என் கை என்பது உண்மைதான். இன்றைக்கும் அந்தக் குத்தல் எனக்கு உண்டு. ஆனால் கோலம் தெரிந்தவளைக் கோலம் போடச் சொல்லிவிட்டு, அதைச் சர்வேயர் போட்ட அளவுப்படம்போல் நம்புவேன் என்று யாராவது முன்கூட்டிச் சொன்னார்களா? அழகாகப் போடு என்றுதானே சொன்னார்கள்? அந்த அழகை வைத்துக்கொண்டே என் வாயை அடைத்துவிட்டார்கள். நாங்களே சொந்தக் காசில் குழாயை இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பட்டியலில் இல்லாத வீட்டுக்கு இழுத்தால் அது திருட்டு இணைப்பாம், தெருவுக்கே தண்ணீர் நிறுத்தப்படுமாம். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். தண்ணீர் கொடுக்க வந்தவர்கள் இப்படித்தான் எனக்குத் தண்ணி காட்டினார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள். அதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன், எழுதாமல் இது முழுதாகாது. மத்தியானம் வேலை முடிந்து வந்தபோது வீட்டுக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. ரொம்ப நேரம் தட்டினேன். அத்தை திறந்தார். காலையிலேயே வயிற்றுக்குச் சரியில்லாமல், கொல்லைக்குப் போவதற்குள் சேலையிலேயே ஆகிவிட்டிருக்கிறது. அண்டாவில் இருந்த தண்ணீரில் பாதியைக் கழுவும்போதே தட்டிக் கவிழ்த்துவிட்டார். மிச்சம் போதவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மதினி வீட்டில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டிருக்கிறது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, நான் வருகிற வரைக்கும் ஈரச் சேலையோடு மூலையில் நின்றிருக்கிறார். உட்கார்ந்தால் தரை அழுக்காகும் என்று உட்காரக்கூட இல்லை.

“கூப்பிட்டிருக்கலாம்ல அயித்த?” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“என்னன்னு சொல்லிக் கூப்பிடுறது?” என்றார்.

நான் மதினி வீட்டில் நாலு குடம் பிடித்து வந்து குளிப்பாட்டினேன். மதினி ஒன்றும் கேட்கவில்லை, ஐந்தாவது குடத்தை அவரே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அன்றைக்கு அந்த நிறுவனத்தின் ஆள் யாராவது தெருவில் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு வருடம் கழித்து மேடம் வந்தார். பணம் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருகிறார்களாம். திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின் என்று இரண்டு ஊர்ப்படம் வேண்டுமாம். முன் இருக்கிறது, பின்னைப் போட வேண்டும். “உங்க கை வராது அக்கா வேற யாருக்கும்,” என்றார். எங்கள் குழாய் விஷயம் அவருக்கு மறந்தே போயிருந்தது. சரி என்றேன். அவ்வளவு சீக்கிரம் சரி என்றதில் அவருக்கே ஆச்சரியம்.

அத்தையிடம் என் யோசனையைச் சொன்னேன். இந்தத் தடவை நம் வீட்டு இடத்தில் கிண்ணம் இருக்காது, நீங்கள் இருப்பீர்கள். மேலேயிருந்து போட்டோ எடுத்தால் ஆள் தெரியாமல் போகாது. கிணறு என்று எழுத முடியாது.

“வந்து உக்காருறேன். ஆனா வாயத் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டேன். நீயும் கேக்கக் கூடாது,” என்றார் அத்தை.

சரி என்று சொன்னேன்.

அன்றைக்கு அத்தை விடியற்காலையிலேயே குளித்து, மஞ்சள் சேலை கட்டி, வீட்டிலிருந்து பொட்டல் வரைக்கும் ஸ்டாண்டை ஊன்றி ஊன்றி நடந்தார். வாய்க்காலைத் தாண்டும்போது மதினி ஒரு கை கொடுத்தார். அந்தத் தெருவைக் கடக்க அவருக்கு அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். நான் பதினாறு வீடு போட்டேன், நீலப் பொடியில் குழாய்க் கோடு இழுத்தேன். கோடு முடிகிற இடத்துக்கு அப்பால், என் வீட்டு இடத்தில், ஒரு நாற்காலியைப் போட்டு அத்தையை உட்கார வைத்தேன்.

விருந்தாளிகள் மூன்று பேர் வந்தார்கள். ஆளுக்கொரு மாலை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மேடம் வழக்கம்போல மேடை நாற்காலியில் ஏறி போனைத் தூக்கினார்.

“பாட்டி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. படத்துல விழுறீங்க.”

“நான் எங்குட்டுத் தள்ளுறது? என் வீட்டுக்குள்ளதான உக்காந்திருக்கேன்,” என்றார் அத்தை.

தெருவில் அத்தனை பேருக்கும் அது புரிந்தது. மூன்று விருந்தாளிகளில் மூத்தவர், நரைத்த தாடிக்காரர், பாட்டி என்ன சொல்கிறார் என்று மேடத்திடம் கேட்டார். மேடம் ஒரு கணம் தடுமாறிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். ஹோட்டல் வேலையில் அந்த அளவு ஆங்கிலம் எனக்குப் புரியும். இந்தத் திட்டம் வந்தபிறகு பாட்டிக்கு இந்த இடமே சொந்த வீடு மாதிரி இருக்கிறதாம். விருந்தாளிகள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. புரிகிற அளவுக்கு எனக்குப் பேச வராது. எனக்கு வருகிற ஆங்கிலமெல்லாம் வெல்கம், மைண்ட் த ஸ்டெப், ஹாட் வாட்டர், கோல்ட் வாட்டர். அதிலிருந்து பொறுக்கி எடுத்து, அத்தையைக் கையால் காட்டி, “நோ வாட்டர்! நோ வாட்டர் சார்!” என்று கத்தினேன்.

தாடிக்காரருக்கு முகமே மாறிவிட்டது. என் கோலத்தை மிதித்துக்கொண்டு, மதினி வீட்டையும் வேம்பையும் மிதித்துக்கொண்டு, நேராக அத்தையிடம் ஓடினார். குனிந்து, தன் பாட்டிலை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். கிழவிக்குத் தாகம் என்று நினைத்துவிட்டார். மேடம் மேலேயிருந்து படபடவென்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அத்தை பாட்டிலை வாங்கிக்கொண்டார். நீட்டியவர் கையைத் தட்டிவிடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. குடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, ஊரையே பார்க்காமல் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நாலைந்து மாதம் கழித்துத் தெருவுக்கு வீட்டுக்கொன்றாக அந்த நிறுவனத்தின் அறிக்கைப் புத்தகம் வந்தது. எங்கள் வீட்டுக்கும் ஒன்று தந்தார்கள். அந்தப் பட்டியலில் மட்டும் நாங்கள் இருந்தோம். கனத்த வழுவழுப்பான அட்டை. அட்டையில் அத்தை. சுற்றிலும் என் கோலம், மஞ்சள் சேலை, குனிந்து நிற்கிற வெள்ளைக்காரர், இரண்டு பேர் கைக்கும் நடுவில் பாட்டில். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தது: கடைசி வீடு வரை தண்ணீர்.

அத்தை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன்.

“அந்த மனுசன் தானாத்தான் குடுத்தான்னு நெனச்சிருந்தேன்,” என்றார். “அன்னைக்கு என்னமோ இங்கிலீசுல கத்துனியே. தண்ணி கேட்டியா?”

“கேக்கல அயித்த. இல்லைன்னுதான் சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்,” என்றார்.

அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எங்கள் தெருவுக்கு வந்து உங்களுக்கு என்ன இல்லை என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். அத்தனை பேருக்கும் நாங்கள் வரிசையாக நின்று இல்லை, இல்லை என்று சொல்லியிருக்கிறோம். அது பிச்சை கேட்பதுதான் என்று அத்தை சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

குழாய் இன்னும் வரவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அத்தை நட்ட குச்சி அப்படியே நிற்கிறது. விடியற்காலையில் மதினி வீட்டில் பிடித்து வந்து அண்டாவை நிரப்பிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போகிறேன். அண்டாவுக்குச் சரியான மூடி இல்லாமல் பல்லி விழுந்துகொண்டிருந்தது. அந்தப் புத்தகம் அகலமாக இருக்கிறது, நனைந்தாலும் சீக்கிரம் ஊறுவதில்லை. இப்போது அதைத்தான் அத்தை மூடியாகப் போட்டு வைத்திருக்கிறார்.